வெள்ளைக்கு அப்புறம்தான் கறுப்பு

சமையற்கட்டுத் தொட்டிக்கு முன்னால் ஒரு மனிதர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். வேட்டியை மடித்துக் கட்டியிருக்கிறார். தொட்டி நிறைய மத்தியானச் சாப்பாட்டுப் பாத்திரங்கள். குழாயைத் திறக்கவில்லை, சோப்பைத் தொடவில்லை. பார்த்துக்கொண்டே நிற்கிறார். மேற்கு ஜன்னல் வழியாக வெயில் சாய்ந்து விழுந்து, எவர்சில்வர் டம்ளர்களின் விளிம்பெல்லாம் மினுங்குகிறது. பின்தெருவில் நிட்டிங் மிஷின் ஓடும் சத்தம் தூக்கத்தில் யாரோ முனகுவதுபோலக் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

"ஏனுங்க, பாத்திரத்தைப் பொண்ணு பாக்கறீங்களா? கழுவறதுன்னா கழுவுங்க" என்றேன் நான், கட்டுப்போட்ட கையைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு.

"இரு அம்மிணி. ஷேட் பிரிச்சுக்கறேன்" என்றார்.

அவர் என் வீட்டுக்காரர். பெயர் பொன்னுச்சாமி. வீரபாண்டியில் ஒரு சாயப்பட்டறையில் டையிங் மாஸ்டர்; துணியின் ஷேட்டை, அதாவது நிறச் சாயலை, பிரித்துச் சொல்கிறவர். அன்றைக்குத்தான் வாழ்க்கையில் முதல்முறையாகப் பாத்திரம் கழுவ வந்து நின்றார்.

கட்டுப்போட்ட கையும் கட்டுப்போடாத வாயும்

போன வார இதழில், பனியன் கம்பெனி மாடிப்படியில் நான் வழுக்கி விழுந்ததோடு நிறுத்தியிருந்தேன். வலது மணிக்கட்டு முறிந்துபோயிற்று. மாவுக்கட்டுப் போட்டு, தண்ணீரில் கை வைக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

கையைத்தான் கட்டினார்கள். வாயைக் கட்டவில்லை. நான் வேலை செய்வது செக்கிங் டேபிளில். தைத்து வரும் பனியனைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, தையல் விட்ட இடத்திலும் எண்ணெய் பட்ட இடத்திலும் ஸ்டிக்கர் ஒட்டி ஒதுக்கிப் போடுவேன். குறை கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்குகிறவள் வீட்டில் எப்படி இருப்பாள் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

பாத்திரம் கழுவ ஒரு அக்காவை வைத்தேன். இரண்டே நாளில் என் பேச்சைத் தாங்கமுடியாமல், "உங்களுக்கு வாழ்நாள்ல ஆள் கெடைக்காதுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மூன்றாம் நாள் மத்தியானம்தான் இவர், சாப்பிட்ட தட்டிலேயே கை கழுவிவிட்டு எழுந்து போகிற ரகம், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

என் வரிசை

பாத்திரம் கழுவுவதற்கு என்னிடம் ஒரு வரிசை உண்டு. அது என் அம்மா சொல்லிக் கொடுத்ததெல்லாம் இல்லை. எங்கள் அம்மா ஒரு ஒழுங்கும் இல்லாமல் போட்டுத் தேய்க்கிறவர். இது நானாகப் பிடித்த வழி.

முதலில் மிச்சம் மீதியை வழித்து வாளியில் போட்டுவிடுவேன். எதிர்வீட்டு மாட்டுக்கு அது போகும். அப்புறம் எல்லாவற்றிலும் தண்ணீர் ஊற்றி ஊறப் போட்டுவிட்டு, அந்த நேரத்தில் அடுப்பைத் துடைப்பேன். பிறகு பால் பாத்திரம், சோற்றுப் பாத்திரம், குழம்புச் சட்டி, கரண்டி. சமைத்ததெல்லாம் முடிந்த பிறகுதான் வாய் வைத்த டம்ளரும் தட்டும். எச்சில் எப்போதும் கடைசி.

எங்கள் பக்கம் போர்வெல் தண்ணீர் உப்பு. அதில் தேய்த்து அலசிவிட்டு, குழாயில் வரும் ஆற்றுத் தண்ணீரில் ஒரு முக்கு முக்கித்தான் கவிழ்க்க வேண்டும். இல்லாவிட்டால் எவர்சில்வரெல்லாம் வெள்ளை பூத்துப் பல்லை இளிக்கும். ஆற்றுத் தண்ணீர் எப்போது வருமோ அந்தக் குழாய்க்கே தெரியாது. ஆகவே கடைசி முக்குக்கு ஒரு குண்டாவில் மட்டும் எடுத்து வைத்திருப்பேன்.

இதையெல்லாம் ஸ்டூலில் உட்கார்ந்து ஒப்பித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, கண்ணாடி டம்ளரை முதலில் எடுத்தார்.

"அட சாமி! எச்ச டம்ளருங்க அது! அதைத் தேச்ச நாருலயே பொறகு சோத்துப் பாத்திரத்தைத் தேப்பீங்களா?"

"வெள்ளைக்கு அப்புறந்தான் கறுப்பு அம்மிணி" என்றார். "கறுப்பு ஓடுன மிஷின்ல வெள்ளைத் துணிய உட்டா என்ன ஆகும்? நீ கொழம்புச் சட்டியத் தேச்ச எண்ணெ நாருல டம்ளரத் தேக்கற. அதுனாலதான் நம்மூட்டு டம்ளர்ல தண்ணி குடிச்சா நாளெல்லாம் கொழம்பு வாசம்."

எனக்கு வந்த கோபத்தை என்ன சொல்ல! கட்டு மட்டும் இல்லாவிட்டால் கரண்டி பறந்திருக்கும்.

ஆனால் சாயப்பட்டறையில் அப்படித்தான் செய்கிறார்கள். ஒரு மிஷினில் வெள்ளையை ஓட்டி, அப்புறம் இளம் மஞ்சள், அப்புறம் ரோஸ், சிவப்பு, நீலம் என்று இறங்கி, கடைசியில் கறுப்பு. கறுப்பு ஓடிவிட்டால் மிஷினையே கொதிக்கவிட்டுக் கழுவாமல் அடுத்த வெள்ளைக்குப் போக முடியாது. அந்த மனிதருக்குப் பாத்திரத் தொட்டியும் ஒரு மிஷின்தான். கண்ணாடி டம்ளர் வெள்ளை. பால் பாத்திரம் இளம் மஞ்சள். தட்டு ரோஸ். குழம்புச் சட்டி சிவப்பு. ஞாயிற்றுக்கிழமை கறி வறுத்த வாணலி சுத்தக் கறுப்பு.

பஞ்சாயத்து இரண்டு நாள் ஓடியது. கடைசியில் அவரே போய் இரண்டு நார் வாங்கி வந்தார். பச்சை நார் வாய் வைத்ததற்கு, மஞ்சள் நார் சமைத்ததற்கு. எச்சில் கலக்காது, எண்ணெயும் கலக்காது. இரண்டு நாரிலும் வெள்ளையிலிருந்து கறுப்புக்கு. எனக்கும் தோல்வியில்லை, அவருக்கும் தோல்வியில்லை.

அந்தச் சாயங்காலங்கள்

மாவுக்கட்டுக் காலத்தை நினைத்தால் எனக்கு வலி ஞாபகம் வருவதில்லை. அந்த ஸ்டூல்தான் ஞாபகம் வருகிறது.

ஷிப்ட் முடிந்து வந்து, ஒரு டீ குடித்துவிட்டு, அவர் தொட்டிக்கு முன்னால் நிற்பார். வெந்நீர் ஊற்றினால் ஆவி எழும்பி ஜன்னல் வெயிலில் புகையாய்ச் சுருளும். சோப்பில் எலுமிச்சை வாசம். டம்ளரில் விழும்போது தண்ணீருக்கு ஒரு குரல், குண்டாவில் விழும்போது வேறு குரல். கழுவி முடித்தவற்றைச் சின்னதிலிருந்து பெரியது வரை வரிசையாகக் கவிழ்ப்பார். ஒவ்வொன்றிலிருந்தும் தண்ணீர் சொட்டும். பேசவே மாட்டோம். நான் சுவரில் சாய்ந்து பாதிக் கண் மூடியிருப்பேன். முழித்திருக்கிறேனா தூங்குகிறேனா என்று எனக்கே தெரியாது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் சும்மா உட்கார்ந்து அவரைப் பார்த்தது அப்போதுதான்.

என்னைப் பெண் பார்க்க வந்தபோது அவர் என்னைப் பார்க்கவில்லை. என் புடவையைப் பார்த்தார். "இது மொதல்ல வெளுப்பா வந்து, பொறகு மேல ஒருக்கா சாயம் போட்டு ஏத்துன கலருங்க" என்றார் என் அப்பாவிடம். அப்பாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. எனக்கும்தான். புடவைக்கு மாப்பிள்ளை வந்திருக்கிறார் என்று என் தங்கை ஒரு மாதம் கேலி செய்தாள்.

கல்யாணத்துக்கு அப்புறம் ஒருநாள் அவருக்குச் சோறு கொண்டுபோய்ச் சாயப்பட்டறையை முதன்முதலாகப் பார்த்தேன். மிஷின் மூடியைத் திறந்தார்கள். ஆவி குபுகுபுவென்று வந்தது. அதற்குள் நனைந்த துணி கயிறுகயிறாய் ஓடிக்கொண்டிருந்தது. ஆவி எல்லோருக்கும் வெள்ளைதான். அவர் மட்டும், "இன்னும் சித்த பச்ச கம்மியா இருக்குது" என்றார். ஒரு துண்டுத் துணியை வெட்டி, காயவைத்து, லைட் பாக்ஸ் என்கிற விளக்குப் பெட்டிக்குள் மாதிரித் துணிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். பச்சை கம்மிதான். எனக்கு இரண்டும் ஒரே நிறமாகத்தான் தெரிந்தது. அன்றைக்கு அந்த மனிதரை எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. இதை அவரிடம் இதுவரை சொன்னதில்லை. இந்தப் பத்திரிகையைப் படித்துத் தெரிந்துகொள்ளட்டும்.

கப்பில் மஞ்சள்

கட்டைப் பிரிப்பதற்குக் கொஞ்ச நாள் முன்னால் மகளும் மருமகனும் காங்கேயத்திலிருந்து வந்தார்கள். அலமாரியிலிருந்து வெள்ளைப் பீங்கான் கப்புகளை எடுக்கச் சொன்னேன். அதற்கு முந்தின வாரம்தான் யாரோ வந்ததற்கு எடுத்து, இவர் கழுவி வைத்திருந்தார்.

மகள் சமையற்கட்டிலிருந்து தலையை நீட்டி மெதுவாகச் சொன்னாள்: "ஏனுங்கம்மா, கப்பெல்லாம் மஞ்சக் கறையா இருக்குதுங்க. மறுக்கா கழுவட்டுங்களா?"

மருமகன் காதில் விழுந்திருக்குமோ என்று எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அவர்கள் கிளம்பிப் போகும்வரை அடக்கி வைத்திருந்தேன். போனதும் கப்பை எடுத்து நீட்டினேன்.

"கண்ணு என்ன பொடனிலயா இருக்குது? மஞ்சக் கையோட புடிச்ச கறை அப்படியே இருக்குது. இதையா வெள்ளைன்னு கவுத்து வெச்சீங்க?"

அவர் கப்பை வாங்கிக்கொண்டு ஜன்னலுக்குப் போனார். ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். அடுத்த கண்ணை மூடிப் பார்த்தார். அப்புறம் திரும்பி, சின்னக் குரலில், "எங்க இருக்குது?" என்றார்.

நான் விரலை வைத்துக் காட்டினேன். அந்த இடத்தை அவர் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார், கண் தெரியாதவர்கள் தடவுவதைப் போல.

கண்ணில்தான் கோளாறோ என்று எனக்குத் தோன்றியது. ஆனாலும் நான் செக்கிங்காரி, ஒன்றைப் பார்த்து முடிவு சொல்லமாட்டேன். மறுநாள் காலையில் அவருடைய வெள்ளை பனியன் ஒன்றையும், கம்பெனியில் மிச்சமாகி வந்த சந்தன நிற பனியன் ஒன்றையும் கட்டிலில் போட்டுவிட்டு, "வெள்ளைய எடுத்துக் குடுங்க" என்றேன். அவர் சந்தன நிறத்தை எடுத்துக் கொடுத்தார். கொடுத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். புரிந்துவிட்டது அவருக்கு.

"எப்ப இருந்துங்க?"

"மழைக்கு முன்னால இருந்தே" என்றார். கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். "பொகையாட்டம் இருக்குது. வெள்ளையும் எளமஞ்சளும் ஒண்ணாத் தெரியுது. கம்ப்யூட்டர் சாயக் கணக்கு சொல்லீருது, அதை வெச்சு ஓட்டிட்டு இருக்கறேன். ஆனா கடைசியா லைட் பாக்ஸ்ல பாத்துச் சரின்னு சொல்றது நாந்தான?"

"இதைச் சொல்லோணுமுங்களா இல்லீங்களா?"

"என்னன்னு சொல்றது? மாஸ்டருக்குக் கண்ணு தெரியலன்னா? என் பொழப்பே கண்ணுதான் அம்மிணி. வாரக் கடைசில கொழந்தத் துணி லாட் வருது, பால் வெள்ளை. எப்படிப் பாஸ் பண்றதுன்னு தெரியல."

திட்டுவதற்கு வாயைத் திறந்தேன். ஆனால் அவருடைய தோளில் என் கட்டுப்போட்ட கையை வைத்துக்கொண்டு நின்றேன். அவ்வளவுதான் முடிந்தது.

முதலாளி சொன்னது

"நானும் வர்றேனுங்க" என்றேன். "வேண்டாம்" என்றார். குழந்தைத் துணி லாட் வருவதற்கு முந்தின நாள் அவரே போய் முதலாளியிடம் சொல்லிவிட்டார். முதலாளி சின்ன வயசுக்காரர். அவருடைய அப்பா காலத்திலிருந்து இவர் அங்கே வேலை பார்க்கிறார்.

அன்று சாயங்காலம் தொட்டிக்கு முன்னால் நின்றபடி, என் பக்கம் திரும்பாமலே சொன்னார். முதலாளி கோபிக்கவில்லையாம். ஆனால் சுற்றி வளைக்கவும் இல்லையாம்.

"ஏனுங்ணா, மொதல்லயே சொல்லியிருக்கலாமுங்க. புரையாத்தான் இருக்குமுங்க, ஆபரேசன் பண்ணிக்கோங்க. அதுவரைக்கும் வெளி ஆளை வெச்சுப் பாத்துக்கறேன். திரும்பி வந்தா லைட் பாக்ஸ்ல மாதிரித் துணி வெப்பேன். ஷேட் பிரிச்சீங்கன்னா அந்த நாற்காலி உங்களுது. இல்லீன்னா ஸ்டோர்ல உக்காந்துக்கோங்க. உங்கள வெளிய அனுப்ப மாட்டேன்."

நல்ல மனிதர் சொன்ன நல்ல வார்த்தைதான். ஆனால் ஸ்டோர் என்றால் என்ன? சாய மூட்டையும் உப்பு மூட்டையும் வந்தால் இறக்கி வைத்து, கேட்டால் எடுத்துக் கொடுப்பது. ஆவிக்கு நடுவில் நின்று பச்சை கம்மி என்று சொன்ன மனிதர் மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அன்றைக்கு அவர் வாணலியை வெகு நேரம் தேய்த்தார். போதும் என்று நான் சொல்லவில்லை.

ஒரு கண்ணில் நீலம்

இரண்டு கண்ணிலும் புரை. முதலில் வலது கண், தேறிய பிறகு இடது கண் என்றார்கள் கண்ணாஸ்பத்திரியில். ஆபரேஷன் முடிந்து கறுப்புக் கண்ணாடியோடு வீட்டுக்கு வந்தார். குனியக் கூடாது, முகத்தில் தண்ணீர் படக் கூடாது, அடுப்புப் பக்கம் போகக் கூடாது.

என் கட்டை அதற்குள் பிரித்திருந்தார்கள். மணிக்கட்டு மரக்கட்டையாய் விறைத்திருந்தது. ஆனாலும் தொட்டிக்கு நான் வந்தேன், ஸ்டூலுக்கு அவர் போனார். பச்சை நார், மஞ்சள் நார், வெள்ளையிலிருந்து கறுப்புக்கு. கை வலித்தால் நடுவில் நிறுத்தி, வெந்நீரில் மணிக்கட்டை முக்கிக்கொண்டு நிற்பேன். அவர் கறுப்புக் கண்ணாடிக்குள்ளிருந்து எங்கேயோ பார்த்துக்கொண்டிருப்பார்.

கண்ணாடியை எடுத்துப் பார்க்கலாம் என்ற நாள் வந்தது. ஜன்னலைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். முகம் மலரும் என்று காத்திருந்தேன். மலரவில்லை.

"எல்லாம் நீலமா இருக்குது அம்மிணி. சொவுத்துக்கு நீலம் போட்டு அலசுனாப்பல."

வலது கண்ணை மூடினால் வீடெல்லாம் பழைய மஞ்சள் புகை. இடது கண்ணை மூடினால் நீலம். சோறு ஒரு கண்ணில் சந்தனம், ஒரு கண்ணில் நிலா வெளிச்சம் பட்டதுபோல. ஒரு ஆளுக்குள் இரண்டு வீடு. நாளெல்லாம் கண்ணை மாற்றி மாற்றி மூடிப் பார்த்துக்கொண்டிருந்தார். புரை எடுத்த கண்ணுக்குக் கொஞ்ச நாள் அப்படித்தான் தெரியும், பழகிவிடும் என்று டாக்டர் சொன்னார். "பழகுனா நெசமான கலர் தெரியுமா, இல்ல நீலமே பழகிருமா?" என்று இவர் கேட்டாராம். டாக்டர் சிரித்தாராம். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இடது கண்ணும் முடிந்தது. அவர் பேச்சு குறைந்துபோயிற்று. "இப்ப எப்படி இருக்குதுங்க?" என்று கேட்டால், "இருக்குது" என்பார். பனியனைக் கட்டிலில் போட்டுக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. தப்பாக எடுத்துவிட்டால் நான் என்ன முகத்தை வைத்துக்கொள்வது? மகள் போனில், "அப்பாகிட்டக் கேளுங்கம்மா" என்றாள். "நீயே கேளு கண்ணு" என்று போனை நீட்டினேன். அவர் வாங்கி, மழை பெய்ததா, தேங்காய் என்ன விலை என்று பேசிவிட்டு வைத்துவிட்டார்.

காலை டீ

முதலாளி போன் செய்தார். "நாளைக்கு வந்து லைட் பாக்ஸ் பாக்கறீங்களாங்ணா?" வருகிறேன் என்றார் இவர். அன்றைக்கு நாங்கள் இருவரும் சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள் காலை. வெயில் இன்னும் ஏறவில்லை, சமையற்கட்டில் சாம்பல் வெளிச்சம். நல்ல காரியத்துக்குப் போகிறாரே என்று, அன்றாட டம்ளரை விட்டுவிட்டு வெள்ளைக் கப்புகளை எடுத்து மேடைமேல் வைத்திருந்தேன். நானே கழுவி, நானே ஆற்றுத் தண்ணீரில் முக்கிக் கவிழ்த்தவை. டீ கொதித்துக்கொண்டிருந்தது. நான் வடிகட்டியைத் தேடித் திரும்பினேன்.

பின்னால் தண்ணீருக்குள் ஏதோ மெதுவாக இறங்கும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால், அவர் ஒரு கப்பை எடுத்துத் தொட்டிக்குள் வைத்துவிட்டு நிற்கிறார்.

"இது பாஸ் ஆகாது அம்மிணி. மறுக்கா கழுவு."

"நான் கழுவுன கப்பா?" சுருக்கென்று வந்துவிட்டது எனக்கு. அடுப்பை அணைத்துவிட்டு, கப்பை எடுத்துத் துடைத்து ஜன்னலுக்குப் போனேன். திருப்பினேன். ஒன்றுமில்லை. பளிங்காக இருந்தது. படிக்கிற கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன். கப்பின் காது ஒட்டுகிற இடத்தில், உள்மடிப்பில், தையல் நூல் அளவுக்கு மஞ்சள்.

நான் ஒரு செக்கிங்காரி. அது என் கண்ணுக்குக் கண்ணாடி போட்டும் உடனே தெரியவில்லை. அவர் இரண்டடி தள்ளி, அந்தச் சாம்பல் வெளிச்சத்தில் நின்று பார்த்திருக்கிறார்.

என் பாத்திரத்தைக் குறை சொன்னவர்கள் யாரையும் நான் சும்மா விட்டதில்லை. அன்றைக்கு மட்டும், "இன்னும் எதெது ஆகாதுங்க? எல்லாத்தையும் எடுத்துப் போடுங்க" என்றேன்.

அவர் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். அப்புறம் கப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பார்த்தார். சிலதை மேடையில் வைத்தார். சிலதைத் தொட்டிக்குள் வைத்தார். ஒன்றுக்கும் தயங்கவில்லை. நான் பச்சை நாரை எடுத்துக்கொண்டு, அவர் போட்டதையெல்லாம் அழுதுகொண்டே தேய்த்தேன்.